“சளிதானே!” என்று சொல்லாதீர்

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், வீடு, மின்சாரம் என்று எத்தனையோ பெரிய பிரச்சினைகளை இந்த மேடையில் பேசியிருக்கிறோம். இன்று செயலாளர் என்னை அழைத்து, “மழைக் காலம் வந்துவிட்டது, லயத்துக்கு லயம் இருமல் சத்தம் கேட்கிறது; சளி, காய்ச்சலைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். “நான் டாக்டர் இல்லையே, கிராணியாக இருந்தவன் ஆயிற்றே” என்றேன். “அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்” என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

என் தவறு

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை. தவறு தோட்டத்தினுடையது அல்ல, என்னுடையது.

அது ஒரு மழை மாதம். மூன்று நாள் விடாமல் மழை. பட்டை நனைந்து மரம் வெட்ட முடியவில்லை. நான்காம் நாள் வானம் வெளுத்தது. விட்ட கூலியைப் பிடிக்க வேண்டும் என்று தொழிலாளருக்கும் அவசரம். விட்ட பாலைப் பிடிக்க வேண்டும் என்று துரைக்கும் அவசரம். விடியுமுன் பெரட்டில் நின்றேன். ஒரு தாய் வந்தார்கள். தலையில் துண்டு, கண்ணெல்லாம் சிவப்பு, பல் கிட்டும்படி நடுக்கம்.

“கிராணி ஐயா, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க. டிரெசரைப் பார்க்க ஒரு சீட்டுக் குடுங்க” என்றார்கள்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சளிதானே அம்மா! ஆள் பத்தலை. நிரையை முடிச்சிட்டு மத்தியானமாப் போங்க” என்றேன்.

அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மரம் வெட்டினார்கள். மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் வரவில்லை. வீட்டில் படுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் அவர்களுடைய மாமியார் இருந்தார். அறுபதைக் கடந்தவர், நீரிழிவுக்காரர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், சமைத்துப் போடுவதும் அந்தப் பாட்டிதான். நான்கைந்து நாளில் பாட்டிக்கும் காய்ச்சல் கண்டது. ஒரு நடு இரவில் மூச்சுத் திணறியது. லாரியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, நிமோனியா என்றார்கள். இரண்டாம் நாள் பாட்டி கண்ணை மூடிவிட்டார்.

பாட்டிக்கு யாரிடமிருந்து ஒட்டியது என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றே நான் சீட்டுக் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். அந்தச் சீட்டை எழுத எனக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய் பெரட்டுக்குத் திரும்பி வந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் நம்பரைச் சொன்னார்கள், நான் பேர் போட்டேன், போய்விட்டார்கள். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை; துணிவு வரவில்லை. இன்று இந்த மேடையில் நின்று பேசுவது அந்தக் கடனில் ஒரு பங்கு.

சளி வேறு, சளிக்காய்ச்சல் வேறு

தோழர்களே! நாம் எல்லாவற்றையும் “சளி” என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறோம். இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

சாதாரண ஜலதோஷம் மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், தொண்டை கரகரக்கும். காய்ச்சல் இருந்தால் இலேசாக இருக்கும். இதை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் இருநூறுக்கும் மேல். ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும்.

இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சல் அப்படியல்ல. காலையில் நன்றாக இருந்தவரை மாலையில் கட்டிலில் தள்ளும். கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, கைகால் குடைச்சல், வறட்டு இருமல், எழுந்து நிற்க முடியாத அசதி. உடல் வலுவுள்ளவர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறுவார்; இருமலும் களைப்பும் இன்னும் சில நாள் இழுக்கும். ஆனால் முதியவர், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர் ஆகியோருக்கு இது நிமோனியாவில் கொண்டுபோய் விடக் கூடும். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு மிகுதி என்பது உங்களுக்கே தெரியும். எந்த லயத்தில் நீரிழிவுக்காரர் இல்லை?

சளிக்காய்ச்சலால் யார் சாகப் போகிறார் என்று எண்ண வேண்டாம். 1918ஆம் ஆண்டில் உலகமெங்கும் பரவிய சளிக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விட்டு வைக்கவில்லை. நம் முன்னோர்கள், சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணி மூலமாகவும் வந்தவர்கள், லயங்களிலே கொத்துக் கொத்தாக மாண்டனர். 1957ல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், ஆசியச் சளிக்காய்ச்சல் வந்தது. அந்த ஆண்டு சிங்கப்பூரில் பிரித்தெடுக்கப்பட்ட கிருமிக்கு விஞ்ஞானிகள் அந்த ஊரின் பெயரையே சூட்டினர். 1968ல் ஹாங்காங் சளிக்காய்ச்சல், 2009ல் எச்1என்1. 2020ல் கோவிட் வந்து, மார்ச் 18 முதல் நாடே கதவை அடைத்துக்கொண்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். 2025 அக்டோபரிலும் சளிக்காய்ச்சல் பள்ளிப் பிள்ளைகளிடையே பரவி, சில பள்ளிகளைச் சில நாள் மூட வேண்டி வந்தது. ஆகவே இது பழைய கதையல்ல.

மழையா குற்றவாளி?

“மழையில் நனைந்தேன், சளி பிடித்தது” என்கிறோம். மழைத் துளியில் சளிக்காய்ச்சல் கிருமி இல்லை. கிருமி மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருகிறது. இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து கிளம்பும் நுண்ணிய துளிகளில் அது ஏறி வருகிறது. மூக்கைத் துடைத்த கையில் இருக்கும். அந்தக் கை தொட்ட குழாயிலும் கதவுப் பிடியிலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கக் கூடும். அந்த இடத்தைத் தொட்ட நம் கை நம் கண்ணையோ மூக்கையோ தொட்டால் போதும், கிருமி குடிபுகுந்துவிடும்.

அப்படியானால் மழை நாளில் ஏன் நோய் கூடுகிறது? மழை பெய்தால் நாம் என்ன செய்கிறோம்? சன்னலைச் சாத்துகிறோம். ஒரே அறையில் எட்டுப் பேர் நெருங்கி உட்காருகிறோம். ஸ்டோர்க் கொட்டகையில் தோளோடு தோள் உரச ஒதுங்குகிறோம். லாரியில் படுதாவை இறக்கிவிட்டு முப்பது பேர் மூச்சு முட்டப் போகிறோம். ஒருவர் இருமினால் முப்பது பேருக்கும் பங்கு! வெள்ளைக்காரர் நாடுகளைப் போல் நமக்குப் பனிக்காலம் கிடையாது. ஆகையால் இந்நோய் இங்கே ஆண்டு முழுவதும் உலவுகிறது; சில மாதங்களில் தலை தூக்குகிறது. மழை மாதங்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதாது.

அதற்காக நனைந்த துணியோடு நிற்கலாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்தால் துணியை மாற்றி, தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். உடம்புக்குச் சுகம் வேண்டும். ஆனால் மழைக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு, கிருமியோடு குடித்தனம் நடத்தாதீர்கள்.

நோய் ஏறும் படிகள்

தோட்டத்திலே நோய் எந்த வழியாக நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு இடங்கள்.

முதலாவது பெரட்டு. விடியுமுன் கூட்டமாக நிற்கிறோம். இரண்டாவது லாரி. மூன்றாவது ஸ்டோர், பால் நிறுக்கும் இடத்தில் முண்டியடிக்கிறோம், ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கிறோம். நான்காவது பிள்ளைகள். ஆயாக் கொட்டகையாக இருந்தாலும், பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருந்தாலும், பள்ளிக்கூடமாக இருந்தாலும், மூக்கு ஒழுகும் ஒரு பிள்ளை பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். அவை பத்து வீட்டுக்குக் கொண்டு போகும்.

நம் தலைத்துண்டையும் மறக்க வேண்டாம். வேர்வை துடைப்பதும் அதுவே, மூக்குத் துடைப்பதும் அதுவே, மத்தியானம் பிள்ளையின் வாயைத் துடைப்பதும் அதுவே! நோய்க் காலத்தில் அவரவர்க்குத் தனித் துண்டு வேண்டும். அன்றாடம் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும்.

காசு செலவில்லாத காவல்

ஒன்று: கை கழுவுதல். பால் பிசுக்கைப் போக்க மண்ணெண்ணெயும் மணலும் தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது கழுவுதல் ஆகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தேய்த்து 20 விநாடி கழுவ வேண்டும். பசியாறுமுன், பிள்ளையைத் தூக்குமுன், மூக்குச் சிந்திய பின், கழிவறை போய் வந்த பின் மறக்காதீர்கள்.

இரண்டு: இருமும்போது வாயை மூடுதல். உள்ளங்கையால் மூடினால் கிருமி கைக்குப் போகும். முழங்கை மடிப்பில் இருமுங்கள், அல்லது காகிதத்தில் இருமி அதைக் குப்பையில் போடுங்கள். கண்ட இடத்தில் காறித் துப்பும் பழக்கத்தை விட்டொழியுங்கள். சளி கண்டவர் முகக்கவசம் அணிந்தால் மற்றவருக்குச் செய்யும் பெரிய உபகாரம் அது.

மூன்று: காற்றோட்டம். சன்னலைத் திறவுங்கள். லாரியில் மழை இல்லாத நேரத்தில் படுதாவைத் தூக்கிக் கட்டுங்கள். நோயாளி ஒருவர் இருந்தால் முடிந்தவரை தனியிடத்தில் படுக்க வையுங்கள். முதியவரும் கைக்குழந்தையும் அவர் பக்கத்தில் படுக்க வேண்டாம்.

நான்கு: ஓய்வு. சளிக்காய்ச்சல் கண்டவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குகிறார். பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பக் கூடும். மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதும் கழிந்த பிறகே கூட்டத்துக்குள் வர வேண்டும்.

ஐந்து: புகையும் மதுவும். புகை பிடிப்பவரின் நுரையீரல் ஏற்கனவே நொந்து கிடக்கிறது. “ஒரு மடக்குச் சாராயம் போட்டால் சளி முறியும்” என்பார் சிலர். முறியாது. சாராயம் குடித்தவனுக்குச் சூடு ஏறியது போல் தோன்றுமே தவிர, உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் முறியும். சம்சுவை மருந்தென்று குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

வீட்டு வைத்தியமும் டாக்டர் வைத்தியமும்

பாட்டி வைத்தியத்தை நான் இகழ மாட்டேன். மிளகு ரசம், இஞ்சித் தண்ணீர், சூடான கஞ்சி இவையெல்லாம் தொண்டைக்கு இதம். உடம்பிலே தண்ணீர் குறையாமலும் காக்கும். ஒரு கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பானை கவிழ்ந்து வெந்து போன பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். இவை துன்பத்தைக் குறைக்கும், கிருமியைக் கொல்லா. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். பெரியவர்க்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ. அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் போகக் கூடாது. கடையில் வாங்கும் சில சளி மருந்துகளுக்குள்ளும் இதே பாரசிட்டமால் இருக்கிறது. தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவரும் ஈரல் நோய் உள்ளவரும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அளவு. கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று. “ஊசி போடுங்க டாக்டர், ஆண்டிபயாடிக் கொடுங்க டாக்டர்” என்று வற்புறுத்துகிறோம். கொடுக்காத டாக்டர் கெட்டவர் என்கிறோம். ஆண்டிபயாடிக் என்பது பாக்டீரியா என்னும் வேறு வகைக் கிருமியை ஒழிக்கும் மருந்து. சளியும் சளிக்காய்ச்சலும் வைரஸ் நோய்கள். அவற்றிடம் அது செல்லாது. தேவையில்லாமல் தின்றால், நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாமல் போகும். அடுத்த வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் போடுவது அதைவிடப் பெரிய பிழை.

சளிக்காய்ச்சல் வைரஸையே தாக்கும் மருந்தும் உண்டு. டாக்டர்தான் அதை எழுதிக் கொடுப்பார். நோய் கண்ட இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் அது நன்றாகப் பயன் தரும். ஆகவே முதியவரும் கர்ப்பிணியும் நீரிழிவுக்காரரும் “நாலு நாள் பார்ப்போம்” என்று காத்திருக்க வேண்டாம். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு ஒரு வெள்ளிதான். ஒரு கோப்பிக்கும் காணாத காசு!

ஓட வேண்டிய நேரம்

பின்வரும் அடையாளங்களில் ஒன்று கண்டாலும், நேரம் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், பேச்சுத் தடுமாற்றம் அல்லது நினைவு மயக்கம், சிறுநீர் இறங்காமை. காய்ச்சல் ஒரு முறை விட்டு, பிறகு முன்னைவிடக் கடுமையான இருமலோடு திரும்பி வந்தாலும் அது ஆபத்து.

குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா என்று தாய்மார்கள் தாங்களே கண்டுபிடிக்கலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல்; இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல்; ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்கடியில் உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும் தாமதிக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் எண்ணத் தெரிந்தால் ஒரு பிள்ளையைக் காப்பாற்றலாம்.

சளி போல் வந்து ஏமாற்றும் நோய்கள்

எல்லாக் காய்ச்சலும் சளிக்காய்ச்சல் அல்ல. மூக்கு ஒழுகாமல், கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் மூட்டுக் குடைச்சலும் இருந்தால் டிங்கியாக இருக்கலாம். டிங்கியில் காய்ச்சல் குறையும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. டிங்கி சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரோபனும் தொடவே கூடாது. இரத்தக் கசிவு கூடும். டிங்கிக் கொசு நம் மரத்தடியிலேயே வளர்கிறது. வெட்டாத மரங்களின் மங்கில் மழைத் தண்ணீர் தேங்கினால் அதுவே கொசுவுக்குத் தொட்டில். மரத்தை ஓய்வு விடும் காலத்தில் மங்கைக் கவிழ்த்து வையுங்கள்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் நிறம் கண்டால் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலாக இருக்கலாம். கால்வாயிலும் சேற்றிலும் புண்ணோடு இறங்கியவர் இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மாலைக் காய்ச்சலும் இரவு வேர்வையும் உடல் மெலிவும் சேர்ந்தால், சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காச நோய் இன்றும் ஒழியவில்லை. ஆனால் மருந்தை ஒழுங்காக முடித்தால் குணமாகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தடுப்பூசி

சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. இந்தக் கிருமி ஆண்டுதோறும் வேஷம் மாற்றுகிறது; ஆகவே ஊசியும் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. எந்த உருவத்துக்கு ஊசி செய்வது என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை கூடி அறிவிக்கிறது. “போன வருஷம் போட்டேனே” என்பது பதிலாகாது. போட்டு இரண்டு வாரத்தில் காவல் கிடைக்கும். “ஊசி போட்டதால் காய்ச்சல் வந்தது” என்பார்கள். கையில் வலியும் ஒரு நாள் இலேசான காய்ச்சலும் வரலாம். ஆனால் அந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அது நோயைத் தர முடியாது. ஊசி போட்டவருக்கு நோயே வராது என்றும் நான் சொல்லவில்லை. வந்தாலும் ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் போகாமல் தடுக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. ஆனால் தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால் அந்தக் காவல் குழந்தைக்கும் போய்ச் சேரும். 60 வயதைக் கடந்தவர்களும் நாட்பட்ட நோய் உள்ளவர்களும் அரசாங்கக் கிளினிக்கில் கட்டணமில்லாமல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சட்டம் நம் பக்கம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். “ஓய்வு எடு, ஓய்வு எடு என்று பேசுகிறீரே, கூலி யார் தருவது?” என்று நீங்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. மரம் வெட்டினால் காசு, வெட்டாவிட்டால் இல்லை என்று வாழ்ந்தவனுக்கு ஓய்வு என்பது பட்டினியின் மறுபெயர்.

ஆனால் தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுமுறை. இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் மேற்சொன்ன நாட்களோடு சேர்த்து எண்ணப்படாமல் தனியாகக் கிடைக்கிறது. கணக்குக் கூலிக்காரருக்கும் இது உண்டு. முந்திய சம்பளக் காலத்தில் சம்பாதித்ததை வேலை செய்த நாட்களால் வகுத்து, அந்த விகிதத்தில் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. முதலாளி நியமித்த டாக்டரிடம் எம்.சி. வாங்க வேண்டும். அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிட்டால், அல்லது நியாயமான நேரத்திலோ தூரத்திலோ அவர் கிடைக்காவிட்டால், பதிவு பெற்ற வேறு டாக்டரின் சான்றோ அரசாங்க டாக்டரின் சான்றோ செல்லும். விடுமுறை தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் சொல்லாமல் நின்றதாகக் கருதப்படும். ஆகவே எம்.சி.யைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மகனையோ அடுத்த வீட்டாரையோ அனுப்பிச் சேர்ப்பியுங்கள்; தொலைபேசியில் படம் எடுத்தாவது அனுப்புங்கள்.

இந்த உரிமை நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் உண்டு. அவர் காய்ச்சலோடு வேலைக்கு வந்தால் அது நமக்கும் வரும். கிருமி கடப்பிதழ் கேட்பதில்லை! அவர் மொழி தெரிந்தவர் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

தம்பிமார்களே! உங்கள் நெருக்கடியை நான் அறிவேன். மேலிருந்து துரை பால் கணக்குக் கேட்பார். கீழிருந்து ஆட்கள் சீட்டுக் கேட்பார்கள். நடுவிலே நீங்கள். ஆனால் காய்ச்சல்காரரை வேலைக்கு அனுப்பி நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒரு நாள் பால். அவர் லாரியில் இருமி ஐந்து பேரைப் படுக்க வைத்தால் நீங்கள் இழப்பது எத்தனை நாள் பால்? துரையிடம் இந்தக் கணக்கையே சொல்லுங்கள். மனிதாபிமானம் புரியாதவருக்கும் கணக்குப் புரியும்.

யாராவது ஒருவர் பொய்ச் சளி சொல்லிச் சீட்டு வாங்கிப் போகலாம். போகட்டும். உண்மை எது பொய் எது என்று பார்ப்பது டாக்டர் வேலை. பெரட்டில் இருட்டில் நின்றுகொண்டு நாடி பார்க்க நமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதன் விலையை ஒரு பாட்டி கொடுத்தார்.

தொழிலாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். இல்லாத நோயைச் சொல்லி நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு சீட்டும், நாளை உண்மையான நோயோடு வருபவரின் வார்த்தையைக் குறைக்கிறது. இது நாணயத்தின் காரியம். நாணயம் உள்ள சங்கம்தான் நிமிர்ந்து பேச முடியும்.

கிளைக்கு நான் வைக்கும் கோரிக்கை

தலைவர் அவர்களே! பேச்சோடு நிற்காமல் நான்கு காரியங்களை இந்தக் கூட்டம் தீர்மானமாக எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஸ்டோரிலும் பெரட்டுக் களத்திலும் குழாய்த் தண்ணீரும் சோப்பும் நிர்வாகம் வைக்க வேண்டும். பொதுக் குவளையை எடுத்துவிட்டு அவரவர் போத்தல் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, லாரியில் அளவுக்கு மேல் ஆட்களை அடைக்கக் கூடாது. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள் தடுப்பூசிக்காகத் தோட்டத்துக்கு வரும்படி நிர்வாகமும் கிளையும் சேர்ந்து மாவட்டச் சுகாதார இலாகாவுக்கு எழுத வேண்டும். நான்காவது, லயத்துக்கு ஒருவர் பொறுப்பேற்று, தனியாக வாழும் முதியவர் யார், நீரிழிவுக்காரர் யார், கைக்குழந்தை உள்ள வீடு எது என்று அறிந்து, காய்ச்சல் கண்ட நாளில் கஞ்சியும் துணையும் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீடு கேட்கும். அந்தப் பழக்கத்தை நாம் இழந்துவிடக் கூடாது.

தோழர்களே, தாய்மார்களே! நாளைக் காலையில் பெரட்டில் உங்கள் பக்கத்தில் ஒருவர் நடுங்கிக்கொண்டு நிற்பார். அவரிடம், “சளிதானே!” என்று சொல்லாதீர்கள். “வீட்டுக்குப் போங்க, உங்க நிரையை நாங்க பேசிப் பார்த்துக்கிறோம்” என்று சொல்லுங்கள். அவர் கிராணியிடம் சீட்டுக் கேட்கும்போது அவரோடு நீங்களும் போய் நில்லுங்கள். அன்றைக்கு அந்தத் தாய் தனியாக நின்றார்கள். பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தால், நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.